உப்புக் காற்றும் உருக்குத் தகடும்: வாகனங்களின் வெளிப்பூச்சைப் பேணுவது எவ்வாறு?

நமது நாட்டில் தமிழ் பேசும் மக்கள் செறிந்து வாழும் பிரதேசங்களுள் பல கடலை அண்டியே அமைந்துள்ளன. யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், திருகோணமலை, கிண்ணியா, மூதூர், மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் இப்பட்டியலில் உள்ள எந்த ஊரிலும் வாகனம் வைத்திருப்போரிடம் பேச்சுக் கொடுத்தால், இயந்திரத்தைப் பற்றிய முறைப்பாட்டைவிடக் கறளைப் பற்றிய முறைப்பாடே முதலில் எழும். இயந்திரம் இன்னும் பத்து ஆண்டுகள் ஓடும் நிலையில் இருக்க, கதவின் அடிப்பாகமும் சில்லின் மேல்வளைவும் உக்கி உதிர்ந்துவிடுவது இப்பிரதேசங்களில் சாதாரண காட்சியாகும்.

பாடசாலை மாணவரை ஏற்றி இறக்கும் வான், யாத்திரைக்கும் திருமணத்துக்கும் வாடகைக்குச் செல்லும் வான், மீன் ஏற்றும் கூலர் லொறி, முச்சக்கர வண்டி ஆகியன ஆடம்பரப் பொருள்கள் அல்ல. அவை குடும்பங்களின் சீவனோபாயம். 2020 மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான அத்தடை 2025 பெப்ரவரி மாதத்திலேயே நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை பன்மடங்காக உயர்ந்தது. தடை நீங்கிய பின்னரும் தீர்வைகளின் சுமை காரணமாகப் புதிய வாகனம் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எளிதில் எட்டும் ஒன்றாக இல்லை. எனவே, கையிலுள்ள வாகனத்தை மேலும் பல ஆண்டுகள் காப்பாற்ற வேண்டிய தேவை முன்னெப்போதையும் விட இன்று அதிகமாகும்.

இவ்விடயத்தில் நமக்கு ஒரு மரபும் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின் மத்தியில் யாழ். குடாநாட்டு மக்கள் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காலம் தள்ளியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால், அக்காலக் கார்களின் தகடும் பூச்சும் வேறு. இன்றைய வாகனங்களின் தகடும் பூச்சும் வேறு. அன்று பயன்பட்ட பராமரிப்பு வழக்கங்களுட் சில இன்று பயன் தருவதற்குப் பதிலாகத் தீங்கையே விளைவிக்கின்றன. ஆதலால் இப்பூச்சின் இயல்பை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

பூச்சு என்பது ஒன்றல்ல, பல

தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் இன்றைய வாகனமொன்றின் உருக்குத் தகட்டின் மீது ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படைகள் உள்ளன. பெரும்பாலான வாகனங்களில் தகட்டுக்கு முதலில் நாகப் பூச்சு இடப்படுகின்றது. அதன்மேல் பொசுபேற்றுப் பதனிடலும், வாகனத்தின் உடலை முழுமையாகத் தொட்டியொன்றில் அமிழ்த்தி மின்னோட்டத்தின் உதவியால் படியச் செய்யும் அடிப்பூச்சும் இடம்பெறுகின்றன. கறளைத் தடுக்கும் பிரதான அரண் இவ்வடிப்பூச்சேயாகும். அதற்கு மேலே நிரப்புப் பூச்சு, நிறப்பூச்சு ஆகியனவும், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சும் உள்ளன.

இவையனைத்தினதும் மொத்தத் தடிப்பு பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரையாகும். ஒரு மைக்ரோன் என்பது மிலிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. செய்தித்தாளின் இரு தாள்களை ஒன்றாக வைத்தால் எவ்வளவு தடிப்போ, ஏறத்தாழ அவ்வளவே உங்கள் வாகனத்தின் கவசம். அதிலும் வெயிலை நேரடியாக எதிர்கொள்ளும் தெளிபூச்சின் பங்கு 40 அல்லது 50 மைக்ரோன் மாத்திரமே. இதனை மனதிற் கொண்டால், பூச்சைத் தேய்ப்பதற்கு முன் எவரும் இருமுறை சிந்திப்பர்.

பூச்சின் எதிரிகள்

முதலாவது எதிரி வெயில். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முற்பகுதியிலும், ஓகஸ்ட் இறுதி முதல் செப்ரெம்பர் முற்பகுதி வரையிலும் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கின்றது. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் பூச்சிலுள்ள பிசினின் இரசாயனப் பிணைப்புகளை முறிக்கின்றன. அவற்றைத் தடுப்பதற்கெனத் தெளிபூச்சில் கலக்கப்பட்டுள்ள பொருள்களும் காலப்போக்கில் தீர்ந்துவிடுகின்றன. முதலில் பளபளப்பு மங்குகின்றது; பின்னர் கூரையிலும் முன்மூடியிலும் தெளிபூச்சு வெண்ணிறமாகிச் செதிள் செதிளாக உரிகின்றது. இந்நிலையை அடைந்த பூச்சை எந்த மெழுகாலும் மீட்க முடியாது.

இரண்டாவது எதிரி உப்பு. மாரி காலத்தில் சமையலறை உப்புச் சாடி கசிவதை இல்லத்தரசிகள் அறிவர். சாதாரண உப்பானது காற்றின் சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாக மாறுகின்றது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட் அதனிலும் மிகக் குறைந்த ஈரப்பதனிலேயே நீரை ஈர்க்கும். ஆகவே கடற்காற்றில் நிற்கும் வாகனத்தின் மீது படிந்த உப்பு, மழை பெய்யாவிடினும் இரவு முழுவதும் ஈரமாகவே இருக்கும். பூச்சில் ஊசிமுனையளவு கீறல் இருந்தாலும் போதும். குளோரைட் அவ்வழியே தகட்டைச் சென்றடையும். உருவாகும் கறள் தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு கன அளவை எடுத்துக்கொள்வதால் சுற்றியுள்ள பூச்சை உள்ளிருந்தே தூக்குகின்றது. பூச்சு கொப்புளம்போல் எழுவதன் காரணம் இதுவேயாகும். வெளியே தெரியும் கொப்புளம் சிறிதாயினும் உள்ளே கறள் பரவியிருக்கும் பரப்பு அதனைவிடப் பெரிதென்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பறவை எச்சமும் மரப்பாலும். காக எச்சத்தில் யூரிக் அமிலம் அடங்கியுள்ளது. நண்பகல் வெயிலில் தகடு சூடேறும்போது பூச்சு சற்று இளகுகின்றது. மாலையில் குளிர்ந்து இறுகும்போது எச்சத்தின் வடிவமே பூச்சில் பதிந்துவிடுகின்றது. நிழலுக்காக மாமரத்தின் கீழோ பலாமரத்தின் கீழோ வாகனத்தை நிறுத்துவோர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும். நான்காவது எதிரி நாமேதான். உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பதும், உடை துவைக்கும் சவர்க்காரத் தூளால் கழுவுவதும், மினுக்கத்துக்காக மண்ணெண்ணெயோ டீசலோ பூசுவதும் நம்மிடையே பரவலாகக் காணப்படும் பழக்கங்களாகும். உலர் தூசியிலுள்ள மணற்றுகள் துணியோடு சேர்ந்து அரம்போல் பூச்சை அராவும். துவைக்கும் தூள் காரத்தன்மையுடையது. அது பாதுகாப்பு மெழுகைக் கழுவி அகற்றிவிடும். டீசல் தரும் மினுக்கம் சில மணி நேரத்துக்கு மாத்திரமே. அதன் எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டிக்கொள்வதோடு இறப்பர்ப் பாகங்களும் ஊதிப் பழுதடையும்.

கழுவுதலே முதற் சிகிச்சை

கடலோரத்தில் ஓடும் வாகனத்தை வாரம் ஒருமுறையேனும் நன்னீரால் கழுவ வேண்டும். பண்ணைப் பாலம், மன்னார்ப் பாலம் போன்று இருபுறமும் கடல் சூழ்ந்த பாதைகளில் பலத்த காற்று வீசும் காலத்தில் பயணம் செய்தால் அன்றே கழுவுதல் நன்று. மீன் ஏற்றும் லொறிகளில் பனிக்கட்டி உருகிய உப்புநீர் பின்கதவின் கீழாக வடிந்து சட்டகத்தில் தேங்கும். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் அப்பகுதிக்கு நீர் பாய்ச்சுவது ஐந்து நிமிட வேலை. அதனைச் செய்யாமை சட்டகத்தையே மாற்றவேண்டிய நிலைக்கு இட்டுச் செல்லும்.

கழுவும் முறை வருமாறு: வாகனத்தை நிழலில் நிறுத்தித் தகடு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். முதலில் வெறும் நீரை ஊற்றி மணலையும் உப்பையும் அகற்ற வேண்டும். இரு வாளிகளை எடுத்து, ஒன்றில் வாகனங்களுக்கென விற்கப்படும் மென்சவர்க்காரக் கரைசலையும் மற்றையதில் வெறும் நீரையும் வைத்துக்கொள்ள வேண்டும். துணியைக் கரைசலில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவியதும் வெறும் நீரில் அலசிய பின்னரே மீண்டும் கரைசலில் தோய்க்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வருதல் வேண்டும். சில்லுகளுக்கு வேறு துணியைப் பயன்படுத்த வேண்டும். இறுதியில் நன்கு அலசி, மென்மையான துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். எச்சம் விழுந்திருந்தால் அதனைச் சுரண்டாமல், ஈரத் துணியொன்றைச் சில நிமிடங்கள் அதன்மேல் போட்டு ஊறவிட்டு எடுப்பதே முறையாகும்.

எந்த நீரால் கழுவுகிறோம் என்பதும் முக்கியமானது. யாழ். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அங்குள்ள கிணற்று நீரில் கல்சியம் கரைந்திருப்பதால், கழுவிய வாகனத்தை வெயிலில் உலரவிட்டால் வெண்புள்ளிகள் தோன்றும். அவை புதியனவாயின், வினாகிரியைச் சம அளவு நீருடன் கலந்து துணியில் தோய்த்துத் துடைத்து உடனடியாக அலசிவிட்டால் அகன்றுவிடும். கடலோரக் கிணறுகள் சிலவற்றின் நீர் வரட்சிக் காலத்தில் உவர்ப்பாக மாறுகின்றது. உவர் நீரால் கழுவுவது நோயாளிக்கு நோயையே மருந்தாகக் கொடுப்பதற்குச் சமமானது. மாரியில் கூரை நீரைச் சேகரித்து வைக்கும் வீடுகளில் அந்நீரே வாகனத்துக்கு மிகச் சிறந்ததாகும். அதேவேளை, ஆற்றிலும் குளத்திலும் வாகனத்தை இறக்கிக் கழுவும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். எண்ணெயும் சவர்க்காரமும் கலக்கும் அதே நீரைத்தான் ஊரார் குளிக்கவும் கால்நடைகள் குடிக்கவும் பயன்படுத்துகின்றனர்.

மெழுகும் மினுக்கலும்

மெழுகு பூசுவதும் மினுக்குவதும் ஒன்றென்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இவை ஒன்றுக்கொன்று எதிரானவை. மெழுகு பூச்சின்மேல் ஒரு படையைச் சேர்க்கின்றது. மினுக்கும் பசையோ நுண்ணிய அராவு துகள்களால் பூச்சின் ஒரு பகுதியை அகற்றுகின்றது. பழைய மொறிஸ் மைனரின் ஒற்றைப் பூச்சு தடிப்பானது. ஆண்டுதோறும் தேய்த்து மினுக்கினாலும் தாங்கியது. தெளிபூச்சுடைய இன்றைய வாகனத்தை அவ்வாறு தேய்த்தால் சில ஆண்டுகளில் தெளிபூச்சே எஞ்சாது. ஆகவே மினுக்குதல் என்பது பூச்சு மங்கிய பின்னர் அரிதாகச் செய்ய வேண்டிய சிகிச்சை. மெழுகிடுதல் என்பது ஒழுங்காகச் செய்ய வேண்டிய காப்பு.

மெழுகுகளுட் பெயர்பெற்றது பிரேசில் நாட்டின் பனையினமொன்றின் ஓலையிலிருந்து பெறப்படும் கார்னூபா மெழுகாகும். நமது வெயிலில் அது ஓரிரு மாதங்களே நிலைக்கும். செயற்கைப் பல்பகுதியக் காப்புகள் அதனைவிடச் சில மாதங்கள் கூடுதலாக நிற்கும். சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட ‘செராமிக்’ பூச்சுகள் ஆண்டுக்கணக்கில் நிற்கக் கூடியவை. எனினும் அவற்றின் விலை அதிகம். இடுவதற்குமுன் பூச்சைச் சீர்செய்யும் வேலையும் அதிகம். அவை கறளைத் தடுக்கும் மாயக் கவசமும் அல்ல. ஏற்கெனவே கொப்புளம் எழுந்த வாகனத்துக்கு செராமிக் இடுவது பணத்தை வீணடிப்பதாகும். வாடகை வான் ஒன்றுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சாதாரணக் காப்பு மெழுகு இட்டாலே போதுமானது. நீர் ஊற்றும்போது துளிகளாகத் திரண்டு உருளாமல் படர்ந்து நிற்குமாயின், மெழுகு தீர்ந்துவிட்டதெனக் கொள்ளலாம்.

மெழுகை விடவும் மலிவான காப்பு நிழல். கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில் வாகனத்தின் பூச்சுக்கு எந்தப் போத்தலிலும் கிடைக்காத பாதுகாப்பை அளிக்கும். உறை போடுவதாயின் காற்றோட்டமுள்ள துணியுறையே ஏற்றது. பிளாஸ்டிக் விரிப்பு இரவில் ஈரத்தைச் சிறைப்படுத்துவதோடு காற்றில் ஆடி பூச்சையும் உரசும்.

கறள் ஒளிந்திருக்கும் இடங்கள்

கண்ணுக்குத் தெரியும் தகட்டை எவரும் துடைப்பர். கறளோ மறைவிடத்திலேயே தொடங்குகின்றது. வான்களில் கூரையோர நீர்க்கால், முன்கண்ணாடி இறப்பரின் கீழ்விளிம்பு, கதவுகளின் அடிப்பாகம், சில்லு வளைவின் உட்புறம், கூரையில் பொதி ஏற்றும் சட்டத்தின் ஆணியடிகள் என்பன அவற்றுள் பிரதானமானவை. கதவினுள் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்கென அடியில் சிறு துவாரங்கள் உண்டு. செம்மண்ணும் இலைச்சருகும் அவற்றை அடைத்துவிட்டால் கதவு ஒரு தண்ணீர்த் தொட்டியாக மாறிவிடும். வடகீழ் பருவப்பெயர்ச்சி மழை தொடங்குமுன் மெல்லிய குச்சியொன்றால் அத்துவாரங்களைத் திறந்து விடுவதற்கு ஒரு சதமும் செலவாகாது. அலங்கார ஒட்டிகளின் விளிம்பு கிளம்பியிருந்தால் அவற்றையும் அகற்றிவிட வேண்டும். நீர் தங்குவதற்கு அவை வாய்ப்பளிக்கின்றன.

கழிவு எண்ணெயை வாகனத்தின் அடிப்புறத்தில் விசிறும் வழக்கமும் சேவை நிலையங்கள் சிலவற்றில் உண்டு. அது தூசியை ஈர்த்து ஈரச்சேறாக ஒட்டவைப்பதுடன், இறப்பர் உறைகளைக் கெடுத்து, நிலத்தையும் நீரையும் மாசுபடுத்துகின்றது. அடித்தகட்டுக்கென விற்கப்படும் மெழுகுவகைக் காப்புப் பூச்சை, நன்கு கழுவி உலர்த்திய பின்னர் இடுவதே சரியான முறையாகும். கறளின் மேலோ ஈரத்தின் மேலோ அதனைப் பூசினால் கறளுக்குப் போர்வை போர்த்தியது போலாகிவிடும்.

பைபர், அலுமினியம், ‘கேம்பர்’

வானின் உட்புறத்தில் படுக்கையும் அடுப்பும் அமைத்து, தங்கிப் பயணிக்கும் ‘கேம்பர்’ வாகனமாக மாற்றி உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் தொழில் அண்மைக் காலத்தில் நம் நாட்டிலும் தலைகாட்டியுள்ளது. இத்தகைய வாகனங்களின் உயர்த்திய கூரை பெரும்பாலும் பைபர் கண்ணாடியால் ஆனது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நமது கரையோரங்களில் பெருந்தொகையாக வழங்கப்பட்ட பைபர் படகுகளின் மேற்பரப்பும் இதே வகையானதே. இதன் மேற்படையை ‘ஜெல்’ பூச்சு என்பர். அது அரை மிலிமீற்றர் அளவு தடிப்புள்ள நிறமூட்டிய பிசின். இது கறள் பிடிக்காது. ஆனால் வெயிலில் ஒட்சியேற்றமடைந்து சுண்ணாம்புபோல் வெளிறும். விரலால் தடவினால் வெண்தூள் ஒட்டும். மென்மையான மினுக்கும் பசையால் அப்படையை அகற்றி உடனே மெழுகிட்டால் நிறம் மீளும். வெளிறத் தொடங்குமுன் ஆண்டுக்கு இருமுறை மெழுகிடுவது அதனிலும் மேலானது.

கேம்பரின் கூரையில் காற்றோட்டிக்கும் சூரியப் படலுக்குமாக வெட்டப்படும் ஒவ்வொரு துளையும் கசிவுக்கு ஒரு வாசலாகும். பொருத்துக்களில் இடப்படும் அடைபசையை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பார்வையிட்டு, வெடித்த இடங்களைச் சுரண்டிப் புதிதாக இட வேண்டும். வினாகிரி மணம் வீசும் மலிவான சிலிக்கோன் பசை உலரும்போது அசற்றிக் அமிலத்தை வெளியிடுவதால் உருக்குத் தகட்டுக்கு உகந்ததல்ல. சிலிக்கோன் பட்ட இடத்தில் பின்னர் வர்ணமும் ஒட்டாது. வாகனங்களுக்கென உள்ள பொலியூரித்தேன் அடைபசையே ஏற்றது.

பஸ் உடல்களிலும் பெட்டி லொறிகளிலும் அலுமினியத் தகடுகள் இரும்புச் சட்டத்தில் ஆணியிடப்படுகின்றன. இருவேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொடும்போது சிறு மின்கலம் போலாகி அலுமினியம் அரிக்கப்படும். ஆணிகளைச் சுற்றி வெண்தூள் தோன்றுவது அதன் அறிகுறி. இரண்டுக்குமிடையில் இறப்பர்ப் பட்டியோ தடிப்பான பூச்சோ இருத்தல் வேண்டும் என்பதை உடல் கட்டும்போதே உரிமையாளர் வலியுறுத்த வேண்டும்.

கராஜ் தொழிலாளியின் நுரையீரலும் கவனிக்கப்பட வேண்டும்

சிறு கீறலை உரிய நேரத்தில் கவனித்தால் உரிமையாளரே அதனைச் சரிசெய்யலாம். கறளைத் தேய்க்கும் தாளால் உலோகம் பளிச்சிடும் வரை அகற்றி, நாகம் கலந்த அல்லது எப்பொக்சி அடிப்பூச்சை இட்டு, அது உலர்ந்த பின்னர் நிறப்பூச்சை இடலாம். வாகனத்தின் நிறக் குறியீடு பெரும்பாலும் கதவுத் தூணிலோ இயந்திரப் பகுதியிலோ உள்ள தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். கறளை அகற்றாமல் அதன்மேல் புட்டி பூசி நிறமடிக்கும் வேலை ஒரு மாரியைத் தாண்டாது. பழைய வாகனம் வாங்குவோர் தகட்டின் மீது சிறு காந்தமொன்றை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பார்ப்பதுண்டு. காந்தம் பிடிக்காத இடத்தில் தடிப்பான புட்டி உள்ளதென அறியலாம்.

முழுமையாக வர்ணம் தீட்ட வேண்டிய கட்டத்தில் இன்னொரு விடயம் எழுகின்றது. வன்மையாக்கி கலந்து விசிறப்படும் இன்றைய வர்ணங்கள் பலவற்றில் ஐசோசயனேற்று என்னும் இரசாயனம் உண்டு. அதன் நுண்துளிகளைச் சுவாசிப்போருக்கு ஆஸ்துமா ஏற்படக்கூடும் என்பது மருத்துவ உலகில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குப் பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சுத் திணறலை உண்டாக்கும். நமது சிறு கராஜ்களில் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வர்ணம் விசிறும் இளைஞர்களைக் காண்கின்றோம். கைக்குட்டை தூசியையே முழுமையாகத் தடுக்காது, ஆவியைத் தடுப்பதெங்ஙனம்? வெளியிலிருந்து தூய காற்றை வழங்கும் முகக்கவசமே இவ்வேலைக்கு உகந்தது. கூலியைக் குறைத்துப் பேரம் பேசும் வாகன உரிமையாளர்கள், அக்குறைப்பு எவருடைய நுரையீரலிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

ஆண்டுக்கான ஒழுங்கு

மேற்கூறியவற்றை ஓர் ஒழுங்காகச் சுருக்கிக் கூறலாம். வாரம் ஒருமுறை நன்னீர்க் கழுவல். எச்சமும் மரப்பாலும் அன்றன்றே அகற்றல். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மெழுகு. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அடைபசை, நீர்க்கால், கதவுத் துவாரங்கள் ஆகியவற்றைப் பரிசீலித்தல். மழைக்காலம் தொடங்குமுன் அடித்தகட்டுக் காப்பு. மழைக்காலம் முடிந்ததும் கீறல்களைத் தேடிச் சீர்செய்தல். வடக்கு, கிழக்கில் உள்ளோர் இதனைச் செப்ரெம்பரிலும் மார்ச்சிலும் மேற்கொள்ளலாம். தென்மேல் பருவப்பெயர்ச்சியால் மழைபெறும் மேற்குக் கரையில் உள்ளோர் ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் மேற்கொள்ளலாம்.

இவற்றில் எதுவும் பெருஞ்செலவை வேண்டுவதல்ல. வேண்டுவது வாரத்தில் ஒரு மணி நேரமும், இரண்டு வாளி நீரும், கண் வைத்துப் பார்க்கும் பழக்கமுமே. அயலில் நிற்கும் பத்து வருட வானுக்கும் நமது பத்து வருட வானுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்திலேயே தங்கியுள்ளது. வாகனத்தை விற்று மகளின் திருமணத்தையோ மகனின் மேற்படிப்பையோ பார்க்க எண்ணியிருக்கும் குடும்பங்களுக்கு அவ்வேறுபாடு இலட்சக்கணக்கான ரூபாவாக அமையலாம். கறள் ஒரு நாளில் வருவதில்லை. அது நமது கவனக்குறைவைத் தினமும் சிறிது சிறிதாக எழுதி வைத்து, ஒருநாள் மொத்தமாகக் கணக்குக் கேட்கின்றது. அக்கணக்கு வருமுன் கதவைத் திறந்து அடிப்பாகத்தை ஒருமுறை பார்ப்பது வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரதும் நன்மைக்கு உரியதாகும்.